சாய்வுச் சுவிட்சில் பாதரசத்துக்கு மாற்று: மின்சாரம் கடத்தும் திரவங்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு பொருள் நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்துவிட்டதா என்பதை மின்சுற்றுக்குத் தெரிவிக்கும் மிக எளிய உறுப்பு சாய்வுச் சுவிட்ச் ஆகும். மூடிய கண்ணாடிக் குமிழ் ஒன்றின் ஒரு முனையில் இரண்டு கம்பிகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க, குமிழுக்குள் மின்சாரம் கடத்தும் திரவம் சிறிதளவு உருண்டோடும்படி விடப்பட்டிருக்கும். குமிழ் ஒரு பக்கம் சாயும்போது திரவம் இரண்டு கம்பிகளையும் இணைத்துச் சுற்றை மூடும், மறுபக்கம் சாயும்போது விலகிச் சுற்றைத் திறந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்தத் திரவம் பாதரசமாகவே இருந்தது. அமெரிக்க வீடுகளின் சுவர்களில் பொருத்தப்பட்ட வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளிலும், காரின் பின்பெட்டி மூடியைத் தூக்கியதும் எரியும் விளக்குகளிலும், 1990களில் விற்கப்பட்ட, நடக்கும்போது மினுக்கும் குழந்தைக் காலணிகளிலுங்கூட அதுவே பயன்பட்டது. பாதரசம் சந்தையிலிருந்து விலக்கப்பட்டுவரும் இன்று, வீட்டிலேயே திருட்டு எச்சரிக்கை மணியோ சாய்ந்தால் ஒலிக்கும் பொம்மையோ செய்ய முனைவோர், அதன் இடத்தில் வேறு எந்தத் திரவத்தை ஊற்றலாம் என்று கேட்கிறார்கள். இதற்குச் சொல்லப்படும் விடைகள் பல; அவற்றில் சில ஆபத்தானவை, சில வீண்செலவு, ஒன்றிரண்டு மட்டுமே உண்மையில் உதவுபவை.

பாதரசத்தை விட்டு விலகுவது ஏன் இத்தனை கடினமாக இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது கழித்தல் 38.8 பாகை செல்சியசில்தான் உறைகிறது என்பதால் குளிர்நாடுகளிலும் திரவமாகவே இருக்கிறது. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் சீமென்ஸ் என்னும் அதன் கடத்துதிறன், அதாவது மின்சாரத்தைத் தன் வழியே செல்லவிடும் தன்மை, செம்பினுடையதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குதான் என்றாலும், விளக்கையோ சிறு மோட்டாரையோ நேரடியாக இயக்கப் போதுமானது. அதன் பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள முனையும் விசை, மிக அதிகமானதால் அது கண்ணாடியை நனைப்பதில்லை. முத்தாகத் திரண்டு, பின்னால் துளியும் தங்காமல் உருண்டுவிடுகிறது. தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு அடர்த்தி உடையதாகையால் சிறு சாய்வுக்கும் தயங்காமல் நகர்கிறது. ஹைட்ரஜன் வாயு அடைத்த குமிழில் அதன் மேற்பரப்பு கெடாமல் பல ஆண்டுகள் இருக்கும். இந்தப் பண்புகள் எல்லாம் ஒருங்கே அமைந்த வேறொரு திரவம் இயற்கையில் இல்லை என்பதே இந்த ஆய்வின் தொடக்கப்புள்ளி.

ஆபத்து இருப்பது அதன் ஆவியில். விழுங்கப்பட்ட உலோகப் பாதரசம் குடலில் மிகமிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. ஆனால் மூச்சில் செல்லும் ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. பாதரசம் நெடுங்காலம் சிந்திக் கிடக்கும் மூடிய அறைக் காற்றில், 20 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டருக்கு 13 மில்லிகிராம் அளவும், 30 பாகையில் அதைப்போல் இரு மடங்குக்கு மேலும் ஆவி சேரக்கூடும். உலக நலவாழ்வு அமைப்பு நீண்டகாலச் சுவாசத்துக்குப் பரிந்துரைத்த எல்லையோ ஒரு கனமீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் மட்டுமே. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீட்டராக உள்ள அறையின் கொள்ளளவு 27 கனமீட்டர். அங்கே ஒரு மில்லிகிராம் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலந்தாலே அந்த எல்லையைப்போல் 37 மடங்கு ஆகிவிடும். காரின் பின்பெட்டி விளக்கில் இருந்த சிறிய சுவிட்சில் ஏறத்தாழ ஒரு கிராம், அதாவது இந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டதைப்போல் ஆயிரம் மடங்கு பாதரசம் இருந்தது. வீட்டில் செய்யும் குமிழ் தொழிற்சாலைக் குமிழைப்போல் உருக்கி மூடப்படுவதில்லை. பசையோ ரப்பர் அடைப்பானோதான் அதற்குக் காப்பு.

பாதரசத்தை விட்டு விலகுவதே வழி என்று உலக நாடுகளும் முடிவுசெய்தன. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் கண்டறியப்பட்ட பாதரச நச்சு நோயின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு ஒப்பந்தம் 2013இல் ஏற்கப்பட்டு 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மிகக் குறுகிய சில விலக்குகள் தவிர, பாதரசச் சுவிட்சுகளின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2020க்குள் நிறுத்தப்பட வேண்டும் என்று அது விதித்தது. இந்தியா 2018இல் அதை உறுதிசெய்தது. தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளியே கிடந்தது அம்பலமாகி, அது 2001இல் மூடப்பட்டது. அந்த வளாகத்து மண்ணைத் தூய்மைப்படுத்தும் வேலை அதன்பின் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போனது.

மாற்றுத் திரவங்களை எடைபோடும் முன், கேள்வியின் வடிவத்தையே ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. பாதரசம் வழக்கிலிருந்த காலத்தில் சுவிட்சே மின்சுமை முழுவதையும் தாங்கியது. விளக்குக்குப் போகும் மின்னோட்டம் அப்படியே அந்தத் திரவத்தின் வழியே சென்றது. இன்று வீட்டில் செய்யும் கருவிகளில் டிரான்சிஸ்டரோ, மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நிரலேற்றத்தக்க சில்லோ சுமையைத் தாங்கிக்கொள்கிறது. சுவிட்ச் தரவேண்டியது ஓர் அறிகுறி மட்டுமே, அதற்கு ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்கு போதும். ஆகவே, பாதரசத்துக்கு நிகராகக் கடத்தும் திரவம் எது என்று தேடுவது பெரும்பாலும் தேவையற்ற தேடல். சுமாராகக் கடத்தும் பாதுகாப்பான திரவத்தை எடுத்துக்கொண்டு, அதன் குறையைச் சுற்றின் அமைப்பால் ஈடுசெய்வதே சரியான வழி. எனினும் உலோகத் திரவங்களின் மீதுள்ள கவர்ச்சி வலியது. அவற்றையே முதலில் நோக்கலாம்.

பாதரசத்தின் இடத்துக்கு முதல் போட்டியாளர் காலியம். மெண்டலீவ் 1871இல் முன்கூட்டியே கணித்து, பிரெஞ்சு வேதியியலர் லெகோக் த புவாபோத்ரான் 1875இல் கண்டுபிடித்த இந்த உலோகம் 29.8 பாகை செல்சியசில் உருகுகிறது. சென்னையின் கோடைக்காலத்தில் அது தானே திரவமாகிவிடும். உதகையில் கட்டியாகவே கிடக்கும். இந்தக் குறையைப் போக்க இந்தியம் என்னும் உலோகத்தை அதனுடன் சேர்க்கிறார்கள்: எடையில் முக்கால் பங்கு காலியமும் கால் பங்கு இந்தியமும் கொண்ட கலவை 15.7 பாகையில் உருகும். வெள்ளீயத்தையும் சேர்த்து, 68.5 விழுக்காடு காலியம், 21.5 விழுக்காடு இந்தியம், 10 விழுக்காடு வெள்ளீயம் என்னும் விகிதத்தில் ஆன கலவை காலின்ஸ்டன் என்ற வணிகப்பெயரில் ஜெர்மானிய நிறுவனம் ஒன்றால் பாதரசமற்ற வெப்பமானிகளுக்காக விற்கப்படுகிறது. அதன் உறைநிலை கழித்தல் 19 பாகை என்று அந்நிறுவனம் குறிப்பிட்டாலும், சில ஆய்வக அளவீடுகள் 10 பாகைக்கு அருகிலேயே உறைதல் தொடங்குவதைக் காட்டியிருக்கின்றன. இக்கலவைகளின் கடத்துதிறன் பாதரசத்தைவிட மூன்று மடங்குக்கு மேல், அறை வெப்பத்தில் அவற்றிலிருந்து எழும் ஆவி கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு, நச்சுத்தன்மையும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல மாற்று இல்லை.

ஆனால் காலியம் காற்றில் பட்ட கணத்திலேயே சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடுத் தோல் அதன்மேல் படர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல் எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும்; கண்ணாடிக் குழாயைச் சாய்த்தால் கலவை உருளாமல் சாம்பல் நிறப் பூச்சாக இழுபட்டு, இரண்டு கம்பிகளுக்கும் இடையே நிரந்தரப் பாலத்தை விட்டுச்செல்லும். அதாவது சுவிட்ச் ஒருமுறை மூடும், பிறகு திறக்காது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பரிகாரம், குழாய்க்குள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையோ சிறிது ஊற்றுவது. அவை ஆக்சைடைக் கரைத்துவிட, உலோகம் பாதரசத்தைப்போலவே முத்தாகத் திரண்டு ஓடும் என்பது உண்மைதான். ஆயினும் அந்த அமிலமும் காரமும் தாமே மின்சாரம் கடத்துபவை என்பதால், உலோகம் விலகிய பின்னும் சுற்று முழுமையாகத் திறப்பதில்லை. அத்துடன் அவை காலியத்துடன் மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடுவதால் அடைத்த குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆக்சிஜனை அறவே நீக்கிய ஆர்கான் வாயுவில் அடைப்பதே முறையான தீர்வு. வீட்டு மேசையில் அது எளிதன்று.

காலியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அலுமினியத்தைத் தொட்டால் அதன் படிகங்களுக்கு இடையே ஊடுருவி, உலோகத்தையே கையால் நொறுக்கும்படி செய்துவிடும். செம்பையும் பற்றீயத்தையும் மெல்ல அரித்துத் தன்னுடன் கலந்துகொள்ளும். மின்முனைகள், அதாவது திரவத்தைத் தொடும் கம்பிகள், துருப்பிடிக்காத எஃகாகவோ டங்ஸ்டனாகவோ கிராஃபைட்டாகவோ இருந்தாக வேண்டும். விலையும் ஒரு தடை. உலகின் முதன்மைக் காலிய உற்பத்தியில் மிகப் பெரும்பங்கு சீனாவிடம் இருக்க, 2023 ஆகஸ்டிலிருந்து அதன் ஏற்றுமதிக்கு அந்நாட்டு அரசின் உரிமம் தேவைப்படுகிறது. பெரிய மின்னோட்டம் திரவத்தின் வழியே சென்றே ஆகவேண்டும் என்ற அரிய தேவைக்கு மட்டுமே இந்தச் செலவும் சிரமமும் தகும்.

மற்ற உலோகத் திரவங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சோடியமும் பொட்டாசியமும் கலந்த கலவை கழித்தல் 12 பாகை வரை திரவமாக இருக்கும். ஆனால் அது தண்ணீர் பட்டால் தீப்பற்றி வெடிக்கும், காற்றில் நின்றால் வெடிக்கும் தன்மையுள்ள ஆக்சைடுகளை உண்டாக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவருவது எந்த நிலையிலும் கூடாது. வுட் உலோகம் எனப்படும் கலவை 70 பாகையில்தான் உருகும் என்பதோடு, காரீயமும் காட்மியமும் கொண்டது. உப்புகளே அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் அயனித் திரவங்கள், பால் வால்டன் 1914இல் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் முதலாக இன்றுவரை பெருகியிருக்கின்றன. அவை ஆவியாவதில்லை என்பது சிறப்பு, ஆனால் கடல்நீரைவிடக் குறைவாகவே பெரும்பாலும் கடத்துகின்றன, எளிதில் கிடைப்பதும் இல்லை, சில நச்சுத்தன்மையும் உடையவை. கிராஃபைட் பொடியை எண்ணெயில் கலக்கும் முயற்சி, பொடி அடியில் படிவதால் தோற்கிறது.

எஞ்சுபவை மின்பகுளிகள், அதாவது, கரைந்துள்ள உப்பு, அமிலம், காரம் ஆகியவற்றின் அயனிகள் நகர்வதால் மின்சாரம் கடத்தும் கரைசல்கள். உலோகத்தோடு ஒப்பிட்டால் இவை மிக மோசமான கடத்திகள். கடல்நீரின் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு 5 சீமென்ஸ் அளவு, செறிந்த உப்புக்கரைசலுக்கு 25 அளவு. பாதரசத்துக்குப் பத்து இலட்சம். இந்த இடைவெளியைப் பார்த்துப் பலர் உப்புநீரை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பத்துச் சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள இரண்டு மின்முனைகள் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்பதாகக் கொண்டு கணக்கிட்டால், பாதரசம் தரும் மின்தடை அரை மில்லி ஓம், கடல்நீர் அளவுக்கு உப்பிட்ட நீர் தருவது 100 ஓம், செறிந்த உப்புக்கரைசல் தருவது 20 ஓம். அறிகுறி மட்டும் போதும் என்ற சுற்றுக்கு அரை மில்லி ஓமுக்கும் நூறு ஓமுக்கும் வேறுபாடே தெரியாது.

மின்பகுளியின் உண்மையான குறைகள் வேறு இடத்தில் உள்ளன. முதலாவது மின்னாற்பகுப்பு. ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டத்தை உப்புநீரில் செலுத்தினால் ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறுமுனையில் குளோரினும் வெளிவரும். குளோரின் மூச்சுக்குழாயை அரிக்கும் நச்சு வாயு. நேர்முனையிலுள்ள செம்போ எஃகோ கரைந்து, கரைசல் சில நாட்களில் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறி, கம்பி மெலிந்து அறுந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு இதற்கு விலக்கன்று. அதிலுள்ள குரோமியமும் நிக்கலும் கரைசலில் இறங்குகின்றன என்பதால் அது பாதுகாப்பும் அன்று. சமையல் உப்புக்குப் பதிலாகச் சமையல் சோடாவையோ எப்சம் உப்பையோ கரைத்தால் குளோரின் வராது. மின்முனையாகப் பென்சில் கரியை வைத்தால் அரிப்பு வெகுவாகக் குறையும்.

இதனினும் நல்ல வழி, மின்னோட்டத்தையே திசைமாற்றிக்கொண்டிருப்பது. மைக்ரோகண்ட்ரோலரின் இரண்டு கால்களை, ஒன்றில் பத்து கிலோ ஓம் மின்தடையைத் தொடராக இணைத்து, மின்முனைகளுக்குக் கொடுத்து, ஐம்பது மைக்ரோவினாடி நேரம் ஒரு திசையில் ஐந்து வோல்ட் செலுத்தி அளந்துவிட்டு, அதே ஐம்பது மைக்ரோவினாடி எதிர்த்திசையில் செலுத்தி, பிறகு இரண்டையும் சுழி வோல்ட்டில் ஓய்வாக விட்டால் போதும். உலோகமும் கரைசலும் சந்திக்கும் எல்லையில் அயனிகள் அடுக்காகத் திரண்டு சிறு மின்தேக்கிபோல் செயல்படுகின்றன. மேற்சொன்ன பரப்புள்ள மின்முனைக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ ஒரு மைக்ரோஃபாரட். அரை மில்லி ஆம்பியர் அவ்வளவு குறுகிய நேரம் பாயும்போது அந்த அடுக்கின் மின்னழுத்தம் இருபத்தைந்து மில்லி வோல்ட் அளவே உயரும். தண்ணீரைப் பிரிக்கத் தேவையான 1.23 வோல்ட்டை அது நெருங்குவதே இல்லை. வாயு வராது, அரிப்பும் பெருமளவு நின்றுவிடும். தொழில்முறைச் சாய்வு உணரிகளும் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன: விமானக் கருவிகளிலும் நில அதிர்வு ஆய்விலும் பயன்படும் மின்பகுளிச் சாய்வு உணரி, கண்ணாடிக் குப்பிக்குள் மின்பகுளியும் காற்றுக்குமிழும் உன்னத உலோக மின்முனைகளும் கொண்டு, மாறுதிசை மின்னோட்டத்தால் அளந்து, பாகையின் மிக நுண்ணிய பங்கையும் காட்டுகிறது.

இரண்டாவது குறை, நீர் கண்ணாடியை நனைக்கிறது என்பது. திரவம் விலகிய பின்னும் சுவரில் மெல்லிய ஈரப்படலம் தங்கும். அந்தப் படலம் பத்து மைக்ரோமீட்டர் தடிமனும் மூன்று மில்லிமீட்டர் அகலமும் பத்து மில்லிமீட்டர் நீளமும் உடையது என்று கொண்டால், கடல்நீர் அளவு உப்புள்ள கரைசலுக்கு அதன் மின்தடை ஏறத்தாழ 67 கிலோ ஓம். ஒன்பது வோல்ட் மின்கலத்தில் பாதி மின்னழுத்தம் இருந்தாலே, 67 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு ஐம்பது மைக்ரோ ஆம்பியருக்கு மேல் செல்லும். நூறு மடங்கு பெருக்கும் சாதாரண டிரான்சிஸ்டர் அதைக்கொண்டே எல்இடி விளக்கை எரியவிடும். உப்புநீர்ச் சுவிட்ச் அணையவே மாட்டேன் என்கிறது என்று பலரும் முறையிடுவதன் காரணம் இதுதான்: திரவத்தில் பிழை இல்லை, சுற்று அளவுக்கு மீறிக் கூர்மையாக இருக்கிறது. பத்து கிலோ ஓம் தொடர் மின்தடை வைத்த மைக்ரோகண்ட்ரோலர் சுற்றிலோ, முழுத் திரவம் இணைக்கும்போது மின்முனைகளுக்கு இடையே 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவும், படலம் மட்டும் இருக்கும்போது 4 வோல்ட்டுக்கு மேலாகவும் மின்னழுத்தம் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

குழாயைக் கண்ணாடிக்குப் பதில் பாலிபுரொப்பிலீனில் தேர்ந்தால், அல்லது உட்புறத்தில் மெழுகு பூசினால், படலமே அரிதாகத்தான் உண்டாகும். குழாயின் உள்விட்டம் முக்கியம்; தண்ணீருக்குப் பரப்பு இழுவிசையும் எடையும் சமநிலை காணும் நீளம் 2.7 மில்லிமீட்டர் ஆகையால், மூன்று நான்கு மில்லிமீட்டர் குழாயில் துளி சிக்கி நின்றுவிடும். எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் விட்டமே நம்பத்தக்கது. சிறிது கிளிசரின் கலந்தால் அதிர்வில் திரவம் தளும்புவதும், அடைப்பின் வழியே உலர்ந்துபோவதும் குறையும். கடத்துதிறனும் சற்றுக் குறையும், அதனால் கெடுதி இல்லை.

மைக்ரோகண்ட்ரோலர் இல்லாமலே செய்ய விரும்புவோருக்கு மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், ஒரு வழி திறக்கிறது. அதன் கரைசலில் செம்புக் கம்பிகளையே மின்முனையாக வைத்தால், ஒரு முனையில் செம்பு கரைந்து மறுமுனையில் படிகிறது. சிறு மின்னோட்டத்தில் வாயு எதுவும் வெளிவராது. ஒரு கம்பி மெலிந்து மற்றது பருக்கும் என்பதால் இணைப்பை அவ்வப்போது திருப்பி மாட்ட வேண்டும். ஆனால் மயில்துத்தம் விழுங்கினால் வயிற்றைப் புண்ணாக்கும், மீன்களுக்குக் கொடிய நஞ்சு. குழந்தைகளின் பொம்மைக்குள் வைக்கவும் சாக்கடையில் ஊற்றவும் தகாது. பள்ளி ஆய்வகத்தில் கண்காணிப்போடு செய்துகாட்ட அது நல்ல சோதனை, வீட்டுக் கருவிக்குச் சோடா கரைசலே போதும். எந்தக் கரைசலானாலும் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை அதன் வழியே விடுவது உயிரோடு விளையாடுவதாகும். மின்கலம் தரும் தாழ்ந்த மின்னழுத்தம் மட்டுமே இங்கு ஏற்புடையது.

அறிகுறி மட்டும் போதும் என்ற வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுசென்றால், திரவமே தேவையா என்ற கேள்வி எழுகிறது. உலோகக் குண்டு உருண்டு இரண்டு கம்பிகளைத் தொடும் சுவிட்ச் சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. குண்டு துள்ளுவதால் வரும் தடுமாற்றத்தை, நூறு மில்லிவினாடி காத்திருந்து மீண்டும் அளக்கும்படி நிரல் எழுதிச் சமாளிக்கலாம். சாய்வின் கோணமே வேண்டும் என்றால், கைப்பேசிகளில் உள்ளதைப் போன்ற முடுக்கமானிச் சில்லு மூன்று அச்சுகளிலும் புவியீர்ப்பை அளந்து சொல்லிவிடும். பெரும்பாலான கருவிகளுக்கு இவையே உரிய விடை. குண்டு சத்தமிடக் கூடாது, இயக்கம் மெதுவாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும், அல்லது மாணவர்கள் மின்பகுளியின் இயல்பைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற இடங்களில்தான் திரவச் சுவிட்சுக்கு இன்றும் இடம் உண்டு. அங்கே, அகன்ற பிளாஸ்டிக் குழாய், கரி மின்முனை, சோடா கரைசலில் சிறிது கிளிசரின், திசைமாற்றி அளக்கும் சுற்று என்ற கூட்டு மற்ற எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது, மலிவானது.

பழைய வெப்பமானியையோ சுவிட்சையோ உடைத்துப் பாதரசம் எடுக்கும் வழக்கம் முற்றாக நிற்க வேண்டும். அப்படிப்பட்ட பொருள் வீட்டில் இருந்தால் அதை உடையாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் இட்டு, பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். உடைந்த பாதரச வெப்பமானியை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவாகவே வகைப்படுத்தின. ஆகவே அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல், உள்ளாட்சி அமைப்பின் சேகரிப்பாளரிடம் தனியாக ஒப்படைக்க வேண்டுகிறோம்.